கோயில் தமிழ் வகுப்பு, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா: பிள்ளைங்க சமையல்

ரூபா: வணக்கம். ஞாயிறு பிள்ளைங்களுக்கு முதல் சமையல் வகுப்பு. என்ன செய்யலாம்? பெரும்பாலும் பிட்சாதான் கேக்கறாங்க 🙈

தேவன்: பிட்சாவே போடுங்க, பிள்ளைங்க வந்தாத்தானே வகுப்பு. சாமானெல்லாம் சூப்பர்மார்க்கெட்ல நான் வாங்கியாந்துடறேன்.

லோகா பெரியம்மா: நீ வாங்கிக் குடுத்தா அதுங்க என்னத்தக் கத்துக்கும் தேவா? சனிக்கிழமை காலைல வார்விக் ஏர்லி மார்னிங் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போவோம். அதுங்களே வாங்கட்டும்.

குகன் மாமா: நல்ல யோசனை. 1910லேர்ந்து இருக்கிற மார்க்கெட். கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலி வேலை முடிஞ்ச நம்ம ஆளுங்க துண்டு நிலத்துல காய்கறி போட்டு டவுனுக்குக் கொண்டாந்து வித்தாங்களே, அந்த வழியில வந்ததுதான். 2009ல அங்க மால் கட்டத் திட்டம் வந்தப்ப நம்ம வியாபாரிங்களும் ஜூலு வியாபாரிங்களும் ஒண்ணா நின்னு தடுத்தாங்க.

லோகா பெரியம்மா: வரலாறு வண்டியில போறப்ப சொல்லுங்க மாமா. நான் நினைச்சிருக்கிறது இது. ரெண்டு ரெண்டு பிள்ளைங்களா சேர்த்து, ஜோடிக்கு 50 ராண்ட். கீரை, தக்காளி, சுகர் பீன்ஸ்ங்கற காய்ஞ்ச பீன்ஸ் வாங்கணும். வாங்கறப்ப கேக்கணும்: நீங்களே போட்டதா, மொத்த மார்க்கெட்ல எடுத்ததா? எடுத்ததுன்னா என்ன விலை? வண்டிக்கூலி, மேசை வாடகை போனா ஒரு கட்டுக்கு என்ன நிக்குது? அதையெல்லாம் நோட்ல எழுதணும். அப்புறம் சூப்பர்மார்க்கெட்ல பாக்கெட் கீரையை எடை பார்த்து, கிலோ கணக்குல ஒப்பிடணும். பேரம் மட்டும் கூடாது.

தேவன்: பேரம் இல்லாமலா? எங்க ஆயா கேட்டா எழுந்து வந்துடுவாங்க 😂

லோகா பெரியம்மா: உங்க ஆயா இல்லாமையில பேசினாங்க. நீ கார் வாங்கறப்ப பேசு. கீரை விக்காம வாடினா நட்டம் உனக்கா, அந்த அம்மாவுக்கா?

குகன் மாமா: சூப்பர்மார்க்கெட் பில்லையும் படிக்கச் சொல்லும்மா. சோளமாவு, அரிசி, காய்ஞ்ச பீன்ஸ், பழுப்பு ரொட்டிக்கு வாட் வரி இல்ல. சிப்ஸுக்கு 15%.

ரூபா: சரி, அப்ப சோறு, கீரை, பீன்ஸ் கறி?

லோகா பெரியம்மா: சோறு வேணாம். அரிசி கப்பல்ல வருது, சோளம் இங்கயே விளையுது. சோளமாவுல ‘பூத்து’ன்னு ஜூலுக்காரங்க கிண்டற உதிரிக் களி செய்யட்டும்.

குகன் மாமா: சோறு இல்லாம கீரையா 😔

பிரியா: பெரியம்மா, என் ஜூலு ஃப்ரெண்டோட பாட்டி முளைக்கீரையும் சோளமாவும் சேர்த்துக் கிண்டுவாங்க, சூப்பரா இருக்கும். அவங்களையும் கூப்பிடலாமா?

லோகா பெரியம்மா: கேக்கணுமா கண்ணு? அந்தப் பாட்டியே சொல்லிக் குடுக்கட்டும், நான் பக்கத்துல நிக்கறேன். போக வர வண்டிச் செலவு நம்மளுது.

ரூபா: பீன்ஸ் ராத்திரியே ஊறணும் இல்ல?

லோகா பெரியம்மா: ஆமா, சனி ராத்திரி. ஊறின தண்ணியக் கொட்டிடு. புதுத் தண்ணில 10 நிமிஷமாவது தளதளன்னு கொதிச்சப்புறம்தான் தீயைக் குறைக்கணும், அரைவேக்காடு வயித்தைப் புடுங்கும். கீரையை நாலு தண்ணில அலசி, வெங்காயம் பூண்டு காய்ஞ்ச மிளகா வதக்கினதுல போடு. தண்ணி ஒரு சொட்டு ஊத்தாத.

ரூபா: சனி காலை 6 மணிக்குக் கோயில் வாசல்ல வண்டி. யார்கிட்ட கேஸ் அடுப்பு இருக்கு?

தேவன்: எங்க வீட்ல ரெண்டு இருக்கு. சிலிண்டர் ஒண்ணுதான்.