டேலி சர்வரில் எல்லா ஃபைலும் பூட்டிக்கொண்டது, பிட்காயின் கேட்கிறார்கள். உதவி தேவை

பனியன்_கணக்கர்:
திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். காலையில் டேலியைத் திறந்தால் கம்பெனி பெயரே வரவில்லை. சர்வரில் எந்த ஃபைலைப் பார்த்தாலும் பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்துகள். ஃபோல்டருக்கு ஒரு கடிதம், பிட்காயின் அனுப்பினால்தான் திறப்பார்களாம். முதலாளி கட்டிவிடலாம் என்கிறார். சர்வீஸ்காரர் ஃபார்மட் செய்யச் சொல்கிறார். ஜிஎஸ்டி தாக்கல் வேறு நெருங்குகிறது. என்ன செய்யட்டும்?

சர்வர்ரூம்:
சார், முதலில் லேன் கேபிளைப் பிடுங்குங்கள். மற்ற கம்ப்யூட்டர்களையும் நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிடுங்கள். சர்வரை ஆஃப் செய்ய வேண்டாம், மெமரியில் தடயம் இருக்கலாம். ஃபார்மட் கூடவே கூடாது. பேக்கப் டிஸ்க் இருந்தால் தயவுசெய்து இந்த மெஷினில் செருகாதீர்கள், அதுவும் போய்விடும்.

கடிதத்தையும் பூட்டிய ஃபைல் ஒன்றிரண்டையும் ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் ஏற்றிப் பாருங்கள். ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் சில பாதுகாப்பு நிறுவனங்களோடு 2016இல் தொடங்கியது, கட்டணம் இல்லை. சில வகைப் பூட்டுகளுக்குத் திறக்கும் சாவி அங்கேயே கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் இந்த டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள், பின்னால் சாவி வெளிவந்த வகைகள் உண்டு. சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லுங்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தெரிவிக்க வேண்டும், 2022 உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள்.

பனியன்_கணக்கர்:
கேபிளை எடுத்துவிட்டேன். பணம் கட்டினால் நாளைக்கே வேலை நடக்கும் என்று முதலாளி பிடிவாதமாக இருக்கிறார்.

சர்வர்ரூம்:
அவரிடம் கொலோனியல் பைப்லைன் கதையைச் சொல்லுங்கள். 2021 மே மாதம் அமெரிக்காவில் இதேபோல் ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்டவர்கள், அந்தக் கம்பெனியின் எண்ணெய்க் குழாயையே நிறுத்த வைத்தார்கள். கம்பெனி 75 பிட்காயின் கொடுத்தது, அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர். கிடைத்த சாவி அவ்வளவு மெதுவாக வேலை செய்ததால், கடைசியில் தங்கள் சொந்த பேக்கப்பை வைத்துத்தான் மீண்டார்கள். அந்த ஆட்கள் நுழைந்தது, வெளியிலிருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள் வர உதவும் ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாக, அதற்கு ஓடிபி போல இரண்டாவது பூட்டு கிடையாது. உங்கள் ஆபீசில் யாராவது ரிமோட் டெஸ்க்டாப்பில் வீட்டிலிருந்து டேலி பார்க்கிறார்களா?

பனியன்_கணக்கர்:
ஆமாம், சர்வீஸ்காரர்தான் ரவுட்டரில் திறந்துவிட்டார்.

சர்வர்ரூம்:
அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். விண்டோஸில் உள்ள ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி லாகில் 4625 என்ற எண் வரிசையாக வந்திருக்கிறதா பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுத் தோற்ற தடயம் அது. ரிமோட் டெஸ்க்டாப் நுழையும் வழியான 3389 போர்ட்டை ரவுட்டரில் உடனே மூடுங்கள்.

வரி_ஆலோசகர்:
கணக்கு முழுக்கப் போய்விட்டதாக நினைக்காதீர்கள் தம்பி. தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1இல் விற்பனை இருக்கிறது, ஜிஎஸ்டிஆர்-2பியில் கொள்முதல் இருக்கிறது, இ-வே பில் போர்ட்டலில் சரக்குப் போன விவரம் இருக்கிறது. பேங்க் ஸ்டேட்மென்ட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போன வருட டேலி டேட்டா உங்கள் ஆடிட்டரிடம் அநேகமாக இருக்கும், இன்றே கேளுங்கள். அதை ஒரு புது கம்ப்யூட்டரில் ஏற்றி அங்கிருந்து பதிவு போட்டு வாருங்கள். சம்பளம், பீஸ் ரேட் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) கணக்குதான் கஷ்டம், அதற்குத் தையல் யூனிட்டில் எழுதும் நோட்டைத் தேடுங்கள்.

பனியன்_கணக்கர்:
ஆடிட்டரிடம் மார்ச் வரைக்கும் டேட்டா இருக்கிறதாம். முதலாளி பணம் கட்டும் பேச்சை விட்டுவிட்டார். இனி பேக்கப்பை எப்படி வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

சர்வர்ரூம்:
இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றி. காப்பி முடிந்ததும் கழற்றி, ஒன்றை ஆபீசுக்கு வெளியே வையுங்கள். மாதம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, டேலி திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.