ஆம்னி இன்ஜினில் லோட்டஸ் செவன்: தோப்பில் கட்டலாமா?

தோப்புக்காரன் (கொழிஞ்சாம்பாறை):
மாமனாரின் பழைய மாருதி ஆம்னி வேன் மூன்று வருடமாகத் தேங்காய்க் களத்தில் நிற்கிறது. தரையெல்லாம் துரு, ஆனால் இன்ஜின் இன்னும் முதல் சாவிக்கே எழும். அதை வைத்து லோட்டஸ் செவன் மாதிரி கூரையில்லாத சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கட்ட நானும் பிளஸ் டூ படிக்கும் மகளும் இறங்கியிருக்கிறோம். மாமனார் லேத்தில் நின்றவர், அவருக்கும் கை துறுதுறுக்கிறது. 1957-ல் லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் கொண்டுவந்த செவன், பாகம் பாகமாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளும் கிட்டாகவும் விற்ற வண்டி. அப்படி வாங்கினால் அன்றைக்கு இங்கிலாந்தில் வரி மிச்சம். ஒரு அங்குல ஸ்கொயர் பைப்பும் அலுமினியத் தகடும் போதும். ஆம்னியும் பின்சக்கர டிரைவ்தானே. முடிந்ததும் பக்கத்துச் சித்தூர் (பாலக்காடு மாவட்டம்) வரை ஒரு ரவுண்டு. மனைவி மட்டும் "மழை வந்தால் எங்கே உட்காருவது?" என்கிறாள்.

வேலந்தாவளம் மெக்கானிக்:
சித்தூரை மறந்துவிடுங்கள் அண்ணா. ஆம்னிக்குத் தனிச் சேஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடிதான் சேஸி. பாடியைக் கழற்றிப் போட்டால் சேஸி நம்பரும் அதோடு போயிற்று. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது நம் கேரள வழக்கில்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. சைலன்சரையே குனிந்து பார்க்கிற ஊர் இது.

உக்கடம் ஸ்பேர்ஸ்:
எதற்கு இவ்வளவு பயம்? நம்பர் இருக்கிற துண்டை வெட்டிப் புது ஃபிரேமில் வைத்து வெல்டிங் அடித்தால் தீர்ந்தது. பழைய ஆர்சியிலேயே ஓட்டலாம்.

வேலந்தாவளம் மெக்கானிக்:
திருட்டு வண்டிக்காரன் செய்கிற வேலையை ஒரு அப்பாவுக்கும் மகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறீர்கள். நாளைக்கு எவன் மேலாவது மோதினால் இன்சூரன்ஸ் வருமா?

உக்கடம் ஸ்பேர்ஸ்:
சரி சரி, யோசனைதானே சொன்னேன்.

தோப்புக்காரன்:
நம்பர் துண்டு வேலை வேண்டாம். ஆனால் இங்கிலாந்தில் வீட்டில் கட்டிய ஒற்றை வண்டியைச் சோதித்து நம்பர் கொடுக்கிறார்களே, இங்கே ஏன் முடியாது? அப்புறம், ரோட்டில் போகாத வண்டிக்கு ஒன்றரை லட்சம் செலவழிப்பது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

கோவை டிராக் அக்கா:
இங்கே முதலில் கட்டிய முன்மாதிரி வண்டியை அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். அது கம்பெனிகளுக்கான வழி, தோப்புக்காரருக்கு ஆகாது. ஆனால் பைத்தியக்காரத்தனம் என்பதை ஏற்கமாட்டேன். எங்கள் கோவையில் கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டினார். எதற்கும் நம்பர் பிளேட் கிடையாது. அதில் ஓட்டிப் பழகியவர்கள் எங்கெங்கோ போனார்கள்.

எனக்குச் சண்டை வேறு இடத்தில். ஆம்னியை அப்படியே இறக்கலாம் என்று நினைக்கிறீர்கள், முன்பக்கம் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக நிற்கிற சஸ்பென்ஷன். அந்த உயரம் செவனின் பானட்டுக்கு மேல் கொம்பு மாதிரி நிற்கும். சக்கரத்தை மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு கைகள் பிடிக்கிற டபுள் விஷ்போனை நீங்களேதான் செய்யவேண்டும், அங்கேதான் மாமனாரின் லேத் வேலைக்கு வரும். பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ஷாஃப்டை மாற்றினால் பேலன்ஸ் பார்க்காமல் ஓட்டாதீர்கள். ஃபிரேமைச் சதுரம் சதுரமாக விடாமல் குறுக்கே பைப் கொடுத்து முக்கோணமாக்குங்கள், இல்லையென்றால் கட்டில் மாதிரி முறுக்கிக்கொள்ளும். முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்து, அளவு பார்த்த பிறகுதான் வெல்டிங்கை ஓட்டவேண்டும்.

மகளுக்கு: வெல்டிங் கண்ணாடி போடாமல் வெல்டிங்கைப் பார்த்தால் ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். ஜிஐ பைப் மிச்சம் இருக்கிறதென்று எடுக்கவேண்டாம், துத்தநாகப் புகையில் காய்ச்சல் வரும். மட்கார்டுக்கு ஃபைபர் செய்தால், ரெசினைச் சீக்கிரம் இறுகவைக்கிற கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிவிட்டு அப்புறம் ஹார்டனர். கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேராகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

வேலந்தாவளம் மெக்கானிக்:
அக்கா சொன்னால் சரி. எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. பிரேக் பைப்பை வீட்டில் வளைத்த வண்டியில் பிள்ளையை உட்காரவைக்க நான் துணியமாட்டேன். தோப்பு வரப்பிலும் தென்னை மரம் இருக்கிறது, அது ஒதுங்காது.

தோப்புக்காரன்:
நியாயம். பிரேக் லைன் முழுவதையும் உங்கள் பட்டறையிலேயே செய்துகொள்கிறேன், கூலியைச் சொல்லுங்கள். களத்தைச் சுற்றி 300 மீட்டர் மண்பாதை இருக்கிறது, அதோடு சரி. சித்தூர் ரவுண்டு ரத்து.

வேலந்தாவளம் மெக்கானிக்:
அப்படியானால் வருகிறேன். ஒரு நிபந்தனை. பாடியை வெட்டியதும் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்கு எழுதி ஆர்சியை ஒப்படைத்துவிடுங்கள், சட்டம் அப்படித்தான். ஆர்சி யார் பேரில்?

தோப்புக்காரன்:
மாமனார் பேரில். இப்போதுதான் கேட்டேன். வண்டியை எத்தனை துண்டாக வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளச் சொன்னார். ஆர்சியை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.