நாற்காலியை மாற்றியும் பிடரி வலியும் விரல் மரப்பும் நீங்கவில்லை

கேள்வி:
பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துத் தரும் பணியை வீட்டிலிருந்தே செய்கிறேன். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து நாளொன்றுக்கு 8 மணி நேரம் அமர்வதால், மாலைக்குள் பிடரியும் தோள்களும் இறுகிவிடுகின்றன. இரண்டு மாதங்களாக வலக்கையின் பெருவிரலும் அதையடுத்த இரு விரல்களும் நள்ளிரவில் மரத்துப்போகின்றன; கையை உதறினால்தான் உணர்வு திரும்புகிறது. 18,000 ரூபாய்க்கு நாற்காலி வாங்கியும் பயனில்லை. என் உயரம் 5 அடி. வேறு எதை மாற்றுவது?

மறுமொழி 1:
நாற்காலியின்மீது குற்றமில்லை. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் பிரிக்க முடியாதவை என்பதால், கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் தோள் தூக்கும். ஆகவே தடித்த புத்தகங்களை அடுக்கி (உங்கள் வீட்டில் அவற்றுக்குப் பஞ்சமிராது) திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி கணினியை ஏற்றிவிட்டு, தனி விசைப்பலகையும் மவுஸும் இணைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசைகள் பெரும்பாலும் 30 அங்குல உயரம் கொண்டவை. உங்களுக்கு அது அதிகம். முழங்கை மேசைமட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை உயர்த்துங்கள். பாதம் தொங்கினால் கீழே ஒரு மணைப்பலகையைப் போட்டுக்கொள்ளலாம். ஒரு பாரம் (சேர்த்து அச்சிடும் பக்கங்களின் தொகுதி) முடியட்டும் என்று காத்திராமல் அரைமணிக்கொருமுறை எழுந்து நடக்கவும் வேண்டும்.

மறுமொழி 2:
நான் பிசியோதெரபிஸ்ட். நீங்கள் குறிப்பிடும் மூன்று விரல்களுக்கும் உணர்வளிப்பது, மணிக்கட்டிலுள்ள குறுகிய பாதை வழியாகச் செல்லும் மீடியன் நரம்பு. அது அங்கே அழுந்துவதைத்தான் கார்ப்பல் டனல் கோளாறு என்கிறோம். (சுண்டுவிரல் மரத்திருந்தால் முழங்கையை ஒட்டிச் செல்லும் வேறொரு நரம்பை ஐயுற்றிருப்பேன்.) தட்டச்சின்போது மணிக்கட்டு மேல்நோக்கி மடியாதிருக்க, விசைப்பலகையின் பின்கால்களை மடக்கிவிடுங்கள். உறக்கத்தில் மணிக்கட்டு நம்மையறியாமல் மடங்குவதால், இரவில் அதை நேராக நிறுத்தும் பட்டை அணிவது பலருக்கும் உதவுகிறது. ஆயினும் சர்க்கரை நோயாலும் தைராய்டு சுரப்புக் குறைவாலும் இக்கோளாறு வரக்கூடும் என்பதால், நேரில் மருத்துவரிடம் காட்டிவிடுவதே முறை. பெருவிரலின் அடிச்சதை மெலிந்தாலோ பிடித்த பொருள் நழுவினாலோ தள்ளிப்போடவே கூடாது.

மறுமொழி 3:
எந்த விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்கிறீர்கள்? ஆங்கில எழுத்துகளைக் கொண்டு 'பறவை' என்று அடிக்க ஷிப்ட் நீங்கலாக 7 முறை விசையைத் தட்ட வேண்டும். தமிழ் எழுத்துகளையே நேரடியாக அடிக்கும் தமிழ்99 விசைப்பலகை முறையில் நான்கே. நாள் முழுவதும் அடிப்பவரின் விரல்களுக்கு இது சிறிய வேறுபாடன்று.

கேள்வி கேட்டவர்:
ஐந்து நாள்களாகக் கணினி புத்தக அடுக்கின்மேல் இருக்கிறது. பிடரி இறுக்கம் பாதியாகக் குறைந்துள்ளது. விரல் மரப்பு நீடிப்பதால் வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்க முன்பதிவு செய்திருக்கிறேன். 12 ஆண்டுகளாக ஆங்கில எழுத்துவழி அடித்துப் பழகியவன் நான். தமிழ்99இல் இப்போதைக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.