நியூயார்க்ல ஆபீஸ் பில்டிங் அடியில 419 பேர்

மேன்ஹாட்டன்ல 290 பிராட்வேன்னு ஒரு அரசாங்க பில்டிங், அந்தப் பக்கம் வேலையா போனப்ப கீழ இருக்குற ஆப்பிரிக்கன் பரியல் கிரவுண்ட் (அந்தக் காலத்துல அங்க அடிமைங்களாவும் மத்தபடியும் வாழ்ந்த ஆப்பிரிக்க மக்களோட இடுகாடு) விசிட்டர் சென்டர எட்டிப் பாத்தேன். ஏர்போர்ட் மாதிரி செக்கிங் முடிச்சுதான் உள்ள விடுறாங்க. 1991ல இத கட்டத் தோண்டும்போது வரிசையா எலும்புக்கூடு வந்திருக்கு. 1755 மேப்லயே கறுப்பர் இடுகாடுன்னு போட்டிருக்குங்க, ஆனா மேல மேல கட்டடம் வந்ததுல எல்லாம் அழிஞ்சிருக்கும்னு விட்டுட்டாங்க, மேல கொட்டுன மண்ணுதான் காப்பாத்தியிருக்கு. வெளிய எடுத்தது 419 பேர், சுத்தி அடியில 15,000 பேர் வரைக்கும் இருக்கலாம்னு கணக்கு. கிட்டத்தட்ட பாதி குழந்தைங்க.

அதுல ஒரு பெண்மணி பத்தி படிச்சத மறக்கவே முடியல. முன்பல்ல அராவி ஷேப் பண்ணியிருக்கு, இடுப்புல நூறுக்கு மேல பாசிமணி, கூடவே சோழி. பல்ல அப்டி அராவுறது ஆப்பிரிக்காவுல இருந்த வழக்கம், அதனால அங்க பிறந்தவங்களா இருக்கணும்ங்கறாங்க. சோழின்னதும் எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு, நம்ம பக்கத்து மாலத்தீவு சோழிதான் கப்பல் கப்பலா மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்க மனுஷங்கள வாங்குற காசா ஓடுச்சு.

கடுமையா வேல வாங்குனதுல நிறைய பேருக்கு தசை எலும்போட ஒட்டுற இடம் பிஞ்சு தடிச்சுக் கிடந்துச்சாம், பொம்பளைங்களுக்கும்தான். அமெரிக்காவோட வடக்குப் பக்கம் அடிமைங்க வீட்டு வேலைதான் பாத்தாங்கன்னு சொல்றவங்க இத ஒருதடவ படிக்கணும்.

முதல்ல அவசர அவசரமாதான் தோண்டியிருக்காங்க, கறுப்பின மக்கள் போராடினப்புறம் 1992ல நிறுத்தி, ஆராய்ச்சி ஹோவர்ட் யுனிவர்சிட்டி மானுடவியல் ஆய்வாளர் மைக்கேல் பிளேக்கி கைக்குப் போச்சு. அவர் உங்களுக்கு என்ன தெரியணும்னு அந்த மக்கள்கிட்டயே கேட்டுட்டு ஆரம்பிச்சிருக்கார், இதான் எனக்கு ரொம்ப பிடிச்சது.

—

நல்ல பதிவு ப்ரோ. நான் பல் டாக்டர், அதனால ஒண்ணு சேத்துக்கறேன். எலும்பு வாழ்நாள் பூரா மாறிக்கிட்டே இருக்கும், பல்லு எனாமல் அப்டி இல்ல, சின்ன வயசுல உருவானதோட சரி. அந்த நேரத்துல பட்டினியோ பெரிய காய்ச்சலோ வந்தா பல்லு குறுக்கால பள்ளமா கோடு விழும், எத்தன வயசுலன்னு கூட ஓரளவு சொல்லிடலாம். அதுல சேர்ந்திருக்குற ஸ்ட்ரான்ஷியம்ங்கற தனிமத்த டெஸ்ட் பண்ணா சின்ன வயசுல எந்த மாதிரி மண்ணு, தண்ணில வளந்தாங்கன்னு ஒரு ஐடியா கிடைக்கும். எலும்பு எல்லாம் அங்க காட்சிக்கு வச்சிருக்காங்களா?

—

இல்லீங்க டாக்டர், 2003லயே கானாவுல கையால செதுக்குன பெட்டில வச்சு நியூயார்க்ல அந்த இடத்துலயே திரும்ப பொதச்சாச்சு. வெளிய புல்லு மூடுன ஏழு மேடு இருக்கு, அதுக்கடியில. டிக்கெட் கிடையாது, நேரம் மட்டும் பாத்துட்டுப் போங்க.