மாண்டெலுகாஸ்ட் எடுப்பவர்களிடம் ஒரு கேள்வி

அம்மாவுக்கு நாள்பட்ட ஆஸ்துமா. இன்ஹேலரோடு இரவில் மாண்டெலுகாஸ்ட் 10 மி.கி. மாத்திரையும் எடுக்கிறார். இருமல் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் கெட்ட கனவு, தூக்கம் கலைவது, காரணமில்லாத எரிச்சல் என்று புதிதாகத் தொடங்கியிருக்கிறது. இந்த மருந்து மனநிலையைப் பாதிக்கலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-ல் கட்டம் போட்டே எச்சரித்திருக்கிறது. (மருந்தோடு வரும் பொடி எழுத்துத் தாளை யார் படிக்கிறார்கள்!) டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டோம், நேரில் வரச் சொல்லியிருக்கிறார்.

உங்களில் யாருக்காவது இப்படி இருந்ததா? மாத்திரையை மாற்றிய பிறகு தூக்கம் சரியானதா? அதற்குப் பதிலாகத் தியோஃபிலின் என்ற இன்னொரு ஆஸ்துமா மருந்து கொடுத்தார்களா? அதில்தான் எனக்குத் தயக்கம். இரத்தத்தில் அளவு கொஞ்சம் கூடினாலே வாந்தி, படபடப்பு வரும். சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் சேர்ந்தால் அளவு ஏறிவிடும். அப்புறம், டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.