நாமே செய்த நேச்சர் ரூன் இலவசமா?

கணக்கன்:
ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டில் காசு சேர்ப்பது பற்றி ரூன்வெறியன் நேற்று எழுதியது இது: "ஹை ஆல்க் அடித்தால் ரூன் பிளேட்பாடி ஒன்றுக்கு 300 ஜிபி லாபம். நேச்சர் ரூன் நானே செய்கிறேன், அதனால் செலவு பூஜ்யம்." ஹை ஆல்க் என்பது ஒரு பொருளை விளையாட்டுக் காசாக (ஜிபி) மாற்றும் மந்திரம், பிளேட்பாடி ஒரு கவசம், நேச்சர் ரூன் அந்த மந்திரத்துக்கு எரியும் கல். புதிதாக வருகிறவர்கள் இதை நம்பிக் கெட்டுப்போவார்கள். பிளேட்பாடியை ஆல்க் செய்தால் 39,000 வரும். அவர் வாங்கிய விலை 38,700. வித்தியாசம் 300, சரி. ஆனால் ஒவ்வொரு ஆல்க்குக்கும் ஒரு நேச்சர் ரூன் கரைகிறதே? ஆட்டக்காரர்கள் விற்று வாங்கும் சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் அதன் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபம் 200 தான். ரூனை நீங்கள் செய்தாலும் சரி, வாங்கினாலும் சரி, வானத்திலிருந்து விழுந்தாலும் சரி, 200 தான்.

ரூன்வெறியன்:
என் பேங்கில் ஏறுவது 300. அந்த 100 ஜிபியை நான் யாரிடமும் எடுத்துக் கொடுக்கவில்லையே, அது எப்படிச் செலவாகும்? ரூன் செய்யும் திறனான ரூன்கிராஃப்டில் 44ஆம் நிலை வந்ததிலிருந்து அபிஸ் என்ற ஆபத்தான இடத்தின் வழியாக ஓடி ஓடிச் செய்த ரூன்கள் அவை. உள்ளே நுழைந்ததும் ப்ரேயர் (காக்கும் வேண்டுதல் சக்தி) பூஜ்யம் ஆகும், செத்தால் பொருள் போகும் என்ற அடையாளமாகத் தலைக்கு மேல் மண்டையோடு ஏறும். எட்ஜ்வில் ஊருக்கு வடக்கே, ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கொல்லக்கூடிய இடத்தில், எவனாவது பதுங்கியிருந்து அடித்தால் கையில் இருப்பது மொத்தமும் போகும். இவ்வளவும் பட்டவன் நான். உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போடுகிறவர் என் ரூனுக்கு விலை சொல்ல வேண்டாம்.

கணக்கன்:
இவ்வளவு பாடுபட்டுச் செய்த ரூனுக்கு விலை பூஜ்யம் என்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன். அதை விற்றால் 100 கிடைக்கும். விற்காமல் எரித்தீர்கள். 100 போச்சு. 300ல் 100 போனால் 200.

டிக்மேன்:
யாராவது முதலில் "லாபம்" என்றால் என்னவென்று சொல்லிவிட்டுச் சண்டை போடலாமே. கைக்கு வந்த காசா, விட்டுப்போனதையும் கழித்த கணக்கா?

ரூன்வெறியன்:
அதெல்லாம் தேவையில்லை. கேள்வி ஒன்றுதான். நான் 100 ஜிபி கொடுத்தேனா இல்லையா?

கணக்கன்:
கேள்வி ஒன்றுதான். ரூனுக்கு 100 ஜிபி விலை உண்டா இல்லையா?

வோர்காத்வேட்டை:
இரண்டு பேரும் சில்லறை பொறுக்குகிறீர்கள். டிராகன் ஸ்லேயர் 2 குவெஸ்ட்டை முடித்துவிட்டு வோர்காத் என்ற டிராகனை அடிக்கப் போங்கள். ஒவ்வொரு கொலைக்கும் இரண்டு சுப்பீரியர் டிராகன் எலும்பு உறுதி. ஆல்க் அடிப்பது மேஜிக் எக்ஸ்பிக்காக, அதாவது மந்திரத் திறனை வளர்க்கும் அனுபவப் புள்ளிக்காக. ஒரு தடவைக்கு 65 எக்ஸ்பி கிடைக்கிறதா, அதோடு விடுங்கள்.

கணக்கன்:
வோர்காத் பற்றி இங்கே யார் கேட்டது? நேச்சர் ரூன் இலவசமா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

இரும்புக்கை:
அயர்ன்மேன், அதாவது மற்றவர்களோடு வியாபாரம் செய்யாமல் ஆடும் வகை, ஆடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். எனக்கு கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் கிடையாது. நான் செய்த ரூனை எந்த ஆட்டக்காரருக்கும் விற்க முடியாது. அப்போது 100 என்ற பேச்சே எனக்கு இல்லை. ரூன்வெறியன் சொல்வது சரி.

கணக்கன்:
உங்கள் கணக்குக்கு அது பொருந்தலாம். ரூன்வெறியன் அயர்ன்மேன் இல்லையே? பிளேட்பாடியை அவர் அதே எக்ஸ்சேஞ்சில்தான் வாங்குகிறார். வாங்கும்போது சந்தை வேண்டும், ரூனுக்கு விலை வைக்கும்போது மட்டும் சந்தை வேண்டாமா?

ரூன்வெறியன்:
நல்லது, எக்ஸ்சேஞ்சுக்கே வருவோம். நான் ரூனை விற்றால் 100 வருமா? 2% வரி பிடிப்பார்கள். கைக்கு வருவது 98. காலையிலிருந்து 100, 100 என்று கத்தியவர் இப்போது என்ன சொல்கிறார்? பெயர் மட்டும் கணக்கன்!

டிக்மேன்:
வரி 1% தானே?

இரும்புக்கை:
2021 டிசம்பரில் வந்தபோது 1%. 2025ல் 2% ஆக்கினார்கள். விற்கிறவரிடம்தான் பிடிப்பார்கள், வாங்குகிறவரிடம் இல்லை. ஆல்க் செய்து வருகிற காசுக்கு வரியே கிடையாது.

கணக்கன்:
98 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 98 பூஜ்யமா? பிளேட்பாடி நான்கு மணி நேரத்துக்கு 70 தான் வாங்க விடுவார்கள். ஒரு ஆல்க்குக்கு மூன்று விநாடி, அந்த 70ம் மூன்றரை நிமிடத்தில் காலி. உங்கள் கணக்கில் 21,000 லாபம். நீங்கள் சொன்ன 98ஐயே கழித்தாலும் 14,140. மீதி 6,860 எங்கே? எரித்த ரூனில் இருக்கிறது. இதைப் பத்து வயதுப் பையன்கூடச் சொல்லிவிடுவான்.

ரூன்வெறியன்:
காலையில் 100, இப்போது 98. நாளைக்கு எவ்வளவு? என் கணக்கு நேற்றும் 300, இன்றும் 300.

கணக்கன்:
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறீர்கள். கழிக்க வேண்டியதைக் கழிக்காத கணக்கு எப்படி மாறும்? இன்னொன்று. நீங்கள் ரூன் செய்யக் கொண்டுபோகும் மூலக்கல்லான ப்யூர் எசென்ஸை எக்ஸ்சேஞ்சில் வாங்கியதாக நீங்களே முன்பு ஒரு முறை எழுதியிருக்கிறீர்கள். கையிலிருந்து காசு கொடுத்தால்தான் செலவு என்பதுதான் உங்கள் கட்சி. அந்தக் கட்சிப்படியே பார்த்தாலும் பூஜ்யம் எங்கிருந்து வரும்?

ரூன்வெறியன்:
எசென்ஸ் விலை எல்லாம் ஒரு விலையா? பேச்சை மாற்றாதீர்கள்.

வோர்காத்வேட்டை:
எசென்ஸ் விலையைக் கேட்டதும் கோபம் வருகிறதே.

ரூன்வெறியன்:
இடையில் வந்து தூண்டிவிடாதே தம்பி. போன முறை கூட்டாகப் போன ரெய்டு சண்டையில் முதல் அறையிலேயே செத்து எல்லோரையும் காத்திருக்க வைத்தவன் நீ.

வோர்காத்வேட்டை:
அன்று லேக் அடித்தது. நம் குழுவான கிளானில் எல்லோருக்கும் தெரியும்.

ரூன்வெறியன்:
கிளான் என்றதும் ஞாபகம் வருகிறது. அதே ரெய்டில் விழுந்த பொருளை விற்றுப் பங்கு பிரிக்காமல் வாரக்கணக்கில் கையில் வைத்திருந்தவர் யார்? இந்தக் கணக்கன்தான். எனக்கு நேர்மைப் பாடம் எடுக்க வந்துவிட்டார்.

கணக்கன்:
விலை ஏறும் என்று தெரிந்து வைத்திருந்தேன், ஏறியது, ஒவ்வொருவருக்கும் கூடுதலாகத்தான் கொடுத்தேன். நீங்களும் வாங்கிக்கொண்டீர்கள். வாங்கும்போது வாய் திறக்கவில்லையே? அதுவும் இதே பாடம்தான். கையில் இருக்கும் பொருளுக்கு விலை உண்டு. உங்கள் பேங்கில் கிடக்கும் நேச்சர் ரூனுக்கும் உண்டு.

ரூன்வெறியன்:
கேட்காமல் வைத்திருந்தீர்கள். அதைச் சொல்லுங்கள். கூடுதல் காசை நான் கேட்கவில்லை, அன்றைக்கே பங்கைக் கேட்டேன்.

இரும்புக்கை:
அந்தச் சண்டையில் நானும் இருந்தேன். யாரையும் கேட்கவில்லை என்பது உண்மை.

கணக்கன்:
அயர்ன்மேனுக்கு அந்தப் பங்கில் என்ன வேலை? சரி, அதை விடுங்கள். ரூன்வெறியன், நேராகக் கேட்கிறேன். உங்கள் ரூன் இலவசம்தானே? அப்படியானால் ஆயிரம் ரூனை எனக்குச் சும்மா கொடுங்கள். நஷ்டம் இல்லையே உங்களுக்கு.

ரூன்வெறியன்:
உங்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? பாடுபட்டவன் நான்.

கணக்கன்:
சும்மா கொடுக்க மனம் வரவில்லை, ஆனால் விலை பூஜ்யம். இதைத்தான் காலையிலிருந்து கேட்கிறேன்.

ரூன்வெறியன்:
கொடுக்க மாட்டேன் என்றதால் விலை வந்துவிடுமா? 300 ஏறுகிறது, என் பேங்கில். வேண்டுமானால் படம் எடுத்துப் போடுகிறேன்.

டிக்மேன்:
படத்தில் எசென்ஸ் வாங்கிய கணக்கும் தெரிகிற மாதிரி எடுங்கள்.

ரூன்வெறியன்:
உன்னை யார் கேட்டது?

கணக்கன்:
போடுங்கள், காத்திருக்கிறேன். ஆல்க்குக்கு முன்னால் பேங்கில் எத்தனை நேச்சர் ரூன், பின்னால் எத்தனை, அதுவும் படத்தில் வரட்டும்.