தம்பியின் நினைவுப் புத்தகம்: எதை எப்படிச் சேர்ப்பது?

சாட்ஸ்வர்த் அக்கா, டர்பன்:
டவுன் சிண்ட்ரோமோடு 41 வயதுவரை வாழ்ந்த தம்பிக்குப் பதினாறாம் நாள் காரியத்துக்குள் நினைவுப் புத்தகம் செய்யவேண்டும். படங்கள் பழைய ஒட்டும் ஆல்பத்தில், குரல் வாட்ஸ்அப்பில். எங்கே தொடங்குவது?

ஃபீனிக்ஸ் வாசி:
முதலில் குரல், அக்கா. 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக அழிக்கப்படும். சிம்மை நிறுத்துமுன் உரையாடலை மீடியாவோடு ஏற்றுமதி செய்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

ஒட்டிய படத்தைப் பிய்த்தால் கிழியும். மெழுகு பூசாத பல்நூலை (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் டென்டல் ஃப்ளாஸ்) படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு மெல்ல அறுத்தெடுங்கள். வராவிட்டால் பக்கத்தோடு 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். உறவினர்கள் வாட்ஸ்அப்பில் படங்களை டாக்குமெண்டாக அனுப்பட்டும், இல்லாவிட்டால் தரம் குறையும்.

டோங்காட் தங்கை:
"நோயால் அவதிப்பட்டார்" என்று எழுதாதீர்கள். அது நோயல்ல, 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக அமைந்த பிறவிநிலை. "தெய்வக் குழந்தை" என்பதும் வேண்டாம், அவர் வளர்ந்த ஆண். எந்தப் பாட்டு பிடிக்கும், யாரிடம் கோபம், எந்த நாற்காலியை விட்டுக்கொடுக்கமாட்டார், இவைதான் அவர். அவர் சொற்களை அவர் உச்சரித்தபடியே எழுதுங்கள்.

ஃபீனிக்ஸ் வாசி:
அவருடைய நண்பர்களுக்கும் டவுன் சிண்ட்ரோம் இருந்தால் "தூங்குகிறார்" என்று சொல்லாதீர்கள், தூங்கவே பயப்படலாம். "இறந்துவிட்டார், திரும்பி வரமாட்டார்" என்றே சொல்லி, ஆளுக்கொரு படம் கையில் கொடுங்கள்.